இரவல் மெட்டு

கடந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. அஸர் தொழுகை முடிந்து வந்து திண்ணையில் அமர்ந்திருந்தேன். பகலெல்லாம் அடித்த கச்சான் காற்று ஓய்ந்திருந்தது. அப்போது ஓர் இளைஞன் என்னைத் தேடி வந்தான். சாய்ந்தமருதின் வயற்பக்கமாக, சுனாமியில் வீடிழந்த குடும்பங்களுக்காக எழுந்த வொலிவேரியன் கிராமத்தைச் சேர்ந்தவன். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தபோது தாயின் இடுப்பில் இருந்த குழந்தை. இப்போது கல்முனையில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறான். இரவில் பாட்டெழுதுகிறான்.

"சேர், உங்கள்ட ஒரு விசயம் கேக்கணும். நேரம் இருக்கா?" என்றான்.

ஓய்வுபெற்ற பத்திரிகைக்காரனிடம் நேரத்தைத் தவிர வேறென்ன இருக்கப்போகிறது? இருக்கச் சொன்னேன்.

கைபேசியை எடுத்து, தானும் நண்பர்களுமாகச் செய்த ஒரு பாடலைக் காட்டினான். அவன் நினைவில் இல்லாத ஒரு வீட்டைப் பற்றிய பாடல். கடற்கரை வீதிக்கு அப்பால் அவனுடைய உம்மா பிறந்த வீடு இருந்த இடத்தில் இப்போது வெறும் மணலும் ஒரு கிணற்றுக் கட்டும் மட்டும். சொற்கள் சில இடங்களில் தடுக்கின. ஆனால் கிணற்றைப் பற்றிய இரண்டு வரிகள் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தன. யூடியூபில் போட்டு எட்டு மாதமாகிறது, சில நூறு பேர்தான் பார்த்திருக்கிறார்கள் என்றான்.

இப்போது கல்முனையில் புதிதாகத் திறக்கும் கைபேசிக் கடையொன்றுக்கு, பெயர்பெற்ற சினிமா மெட்டொன்றில் ஒரு விளம்பரப் பாட்டு எழுதித் தரக் கேட்கிறார்களாம். தருவதாகச் சொன்ன தொகை அவனுடைய மூன்று மாதச் சம்பளம். நண்பர்கள் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். ஒரு சாரார் "எழுது, காசு வரட்டும்" என்கிறார்கள். மற்றவர்கள், "அதை எழுதிவிட்டு இனிமேல் கிணற்றைப் பற்றி எழுத வராதே" என்கிறார்கள்.

"இத எழுதினா நான் கவிஞன் இல்லயா சேர்?"

நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருந்தால் நொடியில் விடை சொல்லியிருப்பேன். சொல்லவும் செய்தேன், வேறொருவருக்கு. அதன் கணக்கு இன்னும் தீரவில்லை. அதைத் தீர்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

என் நண்பன் ஒருவன் இருந்தான். காலமாகிவிட்டான். அவன் பிள்ளைகள் இந்த ஊரில் இருப்பதால் பெயரை விட்டுவிடுகிறேன். கல்முனையில் ஒரே வகுப்பில் படித்தோம். நான் கொழும்புக்குப் போய்ப் பத்திரிகையில் சேர்ந்தேன். அவன் ஆசிரியரானான். எங்கள் பகுதியில் ஆசிரியரானால் பாதிக் கவிஞர் என்று பொருள். பெரிய நீலாவணையில் நீலாவணன் ஆசிரியர். சம்மாந்துறையில் பஸீல் காரியப்பர் ஆசிரியர். மருதமுனையில் தடுக்கி விழுந்தால் ஒரு புலவரின் திண்ணையில்தான் விழவேண்டும். தெற்கே எல்லை தாண்டினால் காரைதீவு, விபுலானந்த அடிகள் பிறந்த மண். பழந்தமிழிசையைத் தேடி வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு, 1947 ஜூன் மாதத்தில் 'யாழ் நூல்' அரங்கேறிய மறுமாதமே கண்மூடியவர். அந்த நூலால் அவருக்குக் காசு வந்ததா என்று எங்களில் எவரும் கேட்டதில்லை. கேட்பதே பாவம் என்று நினைக்கும் காற்றில் வளர்ந்தோம்.

அவனுக்குப் பாட்டு வந்தது கடற்கரையிலிருந்து. கரைவலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் அம்பாவைக் கேட்டு வளர்ந்தவன். அவனுடைய வாப்பா வலை இழுத்தவர். வயலில் பாடும் கவிகளை உம்மாவின் வாயிலிருந்து எடுத்தான். இலங்கை வானொலியில் மெல்லிசைப் பாடல்கள் என்று ஒரு பயிர் தளிர்த்த காலம் அது. ஆர். முத்துசாமி, எம்.கே. ரொக்சாமி போன்றோர் இசையமைத்தார்கள். எஸ்.கே. பரராஜசிங்கம் போன்றோர் பாடினார்கள். இந்தியத் திரைப்பாட்டின் நகலாக இல்லாத, நம் மண்ணின் சொல்லும் நம் மண்ணின் குரலும் கொண்ட பாட்டு வேண்டும் என்று ஒரு தலைமுறையே கனவு கண்டது. காரியப்பரின் வரிகள் அப்படித்தான் காற்றில் ஏறின. என் நண்பனும் எழுதி அனுப்பினான். திரும்பி வந்தன. மீண்டும் அனுப்பினான். அம்பாவின் தாளத்தில் அமைந்த ஒன்று ஏற்கப்பட்டது.

அது ஒலிபரப்பான மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தேன். தேநீர்க் கடை வானொலியைச் சுற்றி முப்பது நாற்பது பேர். அறிவிப்பாளர் எங்கள் ஊரின் பெயரோடு அவன் பெயரைச் சொன்னபோது அவனுடைய வாப்பா தலையைக் குனிந்துகொண்டார். பாட்டு மூன்று நிமிடத்தில் முடிந்தது. கிடைத்த சன்மானம், கொழும்புக்குப் போய்வந்த செலவுக்கே காணாது.

ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் பாட்டுகளுக்குத் தேசிய சேவை. இந்தியத் திரைப்பாட்டுக்கும் விளம்பரத்துக்கும் வர்த்தக சேவை. இரண்டும் ஒரே நிறுவனத்தின் இரண்டு கைகள். தமிழ்நாட்டில் இன்றைக்கும் முதியவர்கள் உருகி நினைவுகூர்வது வர்த்தக சேவையைத்தான். அது அவ்வளவு செழித்ததற்கு ஒரு காரணம் டில்லியில் இருந்தது. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், திரைப்பாட்டு மலிவானது, மக்களின் இரசனையைக் கெடுப்பது என்று கருதினார். அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாட்டு ஏறத்தாழ இல்லாமற்போனது. மக்கள் சாஸ்திரிய இசைக்குத் திரும்பவில்லை. ஊசியைத் திருப்பி இலங்கை வானொலிக்கு வந்தார்கள். அமீன் சயானியின் குரலில் இந்திப் பாட்டு வரிசை இந்தியா முழுவதையும் கட்டிப்போட்டது. கடைசியில் 1957 ஒக்டோபரில் விவித்பாரதியைத் தொடங்கி டில்லி இறங்கிவந்தது. தூய்மையைக் கட்டளையிட்டு வளர்க்க முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியாது.

இந்தப் பாடத்தை நான் அப்போதே படித்திருக்கலாம். படிக்கவில்லை. தேசிய சேவை நம்முடையது, வர்த்தக சேவை சந்தைக்குரியது என்று என் மனத்தில் கோடு கிழித்திருந்தேன். வர்த்தக சேவை ஈட்டிய வருமானமும் அதே கூரையைத்தான் தாங்கியது என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

1977இல் நாட்டின் பொருளாதாரக் கதவுகள் திறந்தன. அதற்கு முந்தைய ஏழு ஆண்டுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்ததால் உள்ளூர்க் கலைக்கு ஒரு வேலி இருந்தது. வேலி விழுந்ததும் ஒலிநாடாப் பெட்டிகள் வந்து குவிந்தன. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் தோளில் ஒன்றைச் சுமந்துகொண்டு வந்தார்கள். வானொலியில் பாட்டு வருவதற்குக் காத்திருந்த ஊர், தான் கேட்க விரும்பியதைத் தானே கேட்கத் தொடங்கியது. மெல்லிசை மெல்ல மெல்ல ஒதுங்கியது.

எண்பதுகளின் நடுப்பகுதியில் என் நண்பன் ஒலிநாடா ஒன்றுக்குப் பாட்டெழுதினான். இஸ்லாமியப் பாடல்கள், குடும்பப் பாடல்கள் என்று கலந்து. பெரும்பாலானவை பழைய இந்திப் பட மெட்டுகள். மெட்டைப் பாடிக் காட்டுவார்கள், அதில் சொல்லை வைத்துக் கொடுக்க வேண்டும். அவன் வைத்துக் கொடுத்தான். உறையில் பாடகரின் பெயர் பெரிதாகவும் அவன் பெயர் சிறிதாகவும் அச்சாகியிருந்தன. ஒலிநாடா நன்றாக விற்றது. பஸ்ஸில், கல்யாண வீட்டில், பெருநாள் கடையில் எங்கும் அதுதான்.

அதில் ஒரு பாடல் வெளிநாடு போன தகப்பனைப் பற்றியது. பாலைவனத்தில் உழைக்கும் வாப்பா அடுத்த பெருநாளைக்கு வருவார் என்று தாய் பிள்ளையிடம் சொல்வதாக அமைந்தது. மெட்டு ஒரு காதல் படத்தின் மெட்டு.

எனக்குக் கோபம் வந்தது. அம்பாவிலிருந்து பாட்டெடுத்தவன் பம்பாயிடம் போய் இரவல் வாங்குவதா? கொழும்பில் மேசையில் இருந்தபடி ஒரு பத்தி எழுதினேன். அப்போது வாரந்தோறும் கலை பற்றி ஒரு பத்தி எழுதிவந்தேன். பெயர் குறிப்பிடவில்லை. ஆனால் ஊர், ஒலிநாடா, வெளிநாட்டுத் தகப்பன் என்று எல்லா அடையாளங்களும் இருந்தன. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தை இழுத்துவந்து எதிரே நிறுத்தினேன். 29 வயதில் மறைந்தவன், உழைக்கும் மக்களுக்காகவே எழுதியவன், விலைபோகாதவன், அவன் எங்கே, இந்தக் கூலி எழுத்து எங்கே என்று முடித்தேன். நன்றாக இருக்கிறது என்று பல பேர் கைகுலுக்கினார்கள்.

நண்பன் ஒன்றும் சொல்லவில்லை. கடிதம் எழுதுவதை மட்டும் நிறுத்திவிட்டான்.

அவனுக்கு மூன்று பெண்கள். எங்கள் பகுதியில் பெண்ணைக் கட்டிக் கொடுப்பதென்றால் வீட்டையும் கட்டிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவான். ஒரு மகளுக்கு வீடு என்பதே ஆசிரியரின் ஆயுட்காலச் சேமிப்பு. மூன்று மகள்களுக்கு மூன்று வீடுகள். இந்த வழக்கம் சரியா பிழையா என்பது வேறு கதை. அவன் எழுதிய பாட்டு ஒவ்வொன்றும் ஒரு சுவருக்கான கல் என்பது எனக்குத் தெரியாத ஒன்றல்ல. தெரிந்தும் எழுதினேன்.

பின்னாளில் அந்தப் பத்தியை எடுத்துப் படித்தேன். வாதம் தொடக்கத்திலேயே உடைந்திருந்தது. பட்டுக்கோட்டையார் எங்கே எழுதினார்? திரைப்படத்தில்தானே. பாடல்களைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் படமுதலாளிகள். 1958இல் வந்த 'நாடோடி மன்னன்' எம்.ஜி.ஆரின் சொந்தப் படம், பெரும் செலவில் எடுத்துப் பெரும் வெற்றி பெற்ற படம். அந்தப் படத்துக்குள்தான் அவர் உழைப்பாளியின் பங்கைப் பற்றிப் பேசினார். சந்தையின் வண்டியில் ஏறித்தான் அவருடைய சொல் எங்கள் சாய்ந்தமருதுக் கடற்கரை வரைக்கும் வந்தது. வண்டி வந்திராவிட்டால் நான் அவரை மேற்கோள் காட்டியே இருக்க மாட்டேன்.

கண்ணதாசனை எடுத்துக்கொள்ளுங்கள். தன் சொந்தக் காசைப் போட்டுப் படமெடுத்தார். 'மாலையிட்ட மங்கை' கைகொடுத்தது. 1960இல் வந்த 'கவலை இல்லாத மனிதன்' அவருக்குக் கவலையைத் தவிர வேறொன்றும் மிச்சம் வைக்கவில்லை. கடன்காரருக்குப் பதில் சொல்லிக்கொண்டே எழுதிய ஆண்டுகளில்தான், 1961இல் 'பாவ மன்னிப்பு' வந்தது. அதில் நாகூர் ஹனிபாவும் டி.எம். சௌந்தரராஜனும் சேர்ந்து பாடும் பெருநாள் பாட்டு, எங்கள் ஊரில் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒவ்வொரு பெருநாளுக்கும் ஒலித்திருக்கிறது. எழுதியவர் ஒரு செட்டிநாட்டுக் கவிஞர். கூலிக்கு எழுதியது. எங்களில் எவரும் அதை அந்நியமாக நினைத்ததில்லை. பின்னர் 1980இல் சாகித்திய அகாதமி அவருக்குப் பரிசளித்தது, 'சேரமான் காதலி' என்ற நாவலுக்கு. ஊர் வாயில் வாழ்ந்த பாட்டுகளைப் பரிசுக்குழு கணக்கில் எடுக்கவில்லை. அந்தக் குழுவும் நான் பத்தி எழுதிய அதே மேசையில் இருந்ததோ என்னவோ.

வாலி இன்னும் கடினமான உதாரணம். சென்னையில் வாய்ப்புக் கிடைக்காமல் ஊருக்கே திரும்பிவிடலாம் என்று தீர்மானித்த நேரத்தில், 'சுமைதாங்கி' படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய பாட்டைக் கேட்டுத் தங்கிவிட்டவர் அவர். போட்டியாளராக வரப்போகிறவரைக் கண்ணதாசனின் பாட்டே தடுத்து நிறுத்தியது. பிறகு அரை நூற்றாண்டு எழுதினார். 1992இல் 'மன்னன்' படத்தில் தாயைப் பற்றி எழுதிய அதே கை, 1994இல் 'காதலன்' படத்தில் பொருள் தேடினால் கிடைக்காத துள்ளல் பாட்டையும் எழுதியது. தான் காசுக்குத்தான் எழுதுகிறேன் என்பதை அவர் மறைத்ததில்லை. மறைக்காததே ஒரு நேர்மை என்பார்கள் சிலர். எனக்கு அவ்வளவு தூரம் போக மனமில்லை. ஒப்புக்கொண்டுவிட்டதால் மட்டும் ஒரு மோசமான பாட்டு நல்ல பாட்டாகிவிடாது. ஆனால் மோசமான பாட்டை எழுதியதால் அந்தத் தாய்ப் பாட்டும் பொய்யாகிவிடவில்லை. இரண்டையும் தனித்தனியாகத்தான் நிறுக்க வேண்டியிருக்கிறது. ஆளை மொத்தமாகத் தராசில் தூக்கிப்போடுவது பத்தி எழுதுபவனுக்குச் சுலபமான வேலை, அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. நம் நாட்டில் காவலூர் ராசதுரை விளம்பரத்துறையில் இருந்தவர். அவர் கதை வசனம் எழுத, தர்மசேன பத்திராஜ இயக்கி 1977இல் வந்த 'பொன்மணி' சந்தைக்குச் சிறிதும் வளைந்துகொடுக்காத படம். அது திரையரங்குகளில் நெடுநாள் ஓடவில்லை. இன்றைக்கு ஈழத்துத் தமிழ்த் திரை பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் அதைத்தான் சொல்கிறார்கள். நீலாவணன் 1975இல் காலமானார். அவருடைய கவிதைத் தொகுதி 'வழி' வெளிவந்தது 1976இல். அவர் அதைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. சந்தை காத்திருக்காத இடத்தில் காலம் காத்திருந்தது. ஆனால் காலம் காத்திருக்கும் என்று நம்பி ஒருவன் மகளின் வீட்டுக்கு அத்திவாரம் போட முடியாது.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்குக் கடினம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கிழக்கில் வாழ்ந்தவர்களுக்கு அந்த ஆண்டுகளை விளக்க வேண்டியதில்லை. 1985 ஏப்ரலில் காரைதீவில் தமிழர்களின் வீடுகள் எரிந்தன. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஏறாவூரில் உறங்கியவர்கள் எழவில்லை. வயலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. ஒரே வீதியின் இரண்டு முனைகளிலும் இரண்டு பயங்கள் குடியிருந்தன. என் நண்பனின் மனைவிக்குக் காத்தான்குடியில் சொந்தங்கள் இருந்தார்கள். யார் யாரை இழந்தார்கள் என்று நான் எழுதப்போவதில்லை.

அந்தச் சூட்டில் ஒரு தேர்தலுக்கான ஒலிநாடாவுக்கு அவனிடம் பாட்டுக் கேட்டு வந்தார்கள். பத்துப் பாட்டு. மெட்டெல்லாம் புதிய படங்களின் மெட்டு. அதுவரை எவரும் கொடுக்காத தொகை. இரண்டாவது மகளின் வீடு கூரையில்லாமல் நின்ற நேரம். எட்டுப் பாட்டு எழுதிக் கொடுத்தான். ஒன்பதாவது, பக்கத்து ஊர்ச் சமூகத்தை இழித்துப் பேச வேண்டிய பாட்டு. கேட்டால் இரத்தம் கொதிக்க வேண்டும் என்றார்களாம்.

அவன் எழுதவில்லை. பத்தும் வேண்டும், இல்லையென்றால் எட்டும் வேண்டாம் என்றார்கள். எட்டுத் தாளையும் திருப்பி வாங்கிக்கொண்டான். முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் பள்ளிக்கூடக் கூட்டுறவில் கடன் எடுத்தான். அந்தப் பாட்டை வேறொருவர் எழுதிக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன்.

இதை அவன் எவரிடமும் சொல்லவில்லை. அவன் மனைவி என் ராத்தாவிடம் சொல்லி, பல ஆண்டுகள் கழித்து என் காதுக்கு வந்தது. அந்த நாட்களில் நான் கொழும்பில் என்ன செய்துகொண்டிருந்தேன்? கலையின் தூய்மை பற்றி வாரந்தோறும் எழுதிக்கொண்டிருந்தேன். பத்திரிகைப் பக்கம் எப்படி உருவாகிறது என்பது வெளியிலுள்ளவர்களுக்குத் தெரியாது. முதலில் விளம்பரங்களை வைப்பார்கள். மிஞ்சிய இடத்தைத்தான் எங்களுக்குத் தருவார்கள். விளம்பரம் கூடினால் என் பத்தியின் கடைசிப் பந்தி போகும். சவர்க்கார விளம்பரத்துக்கும் தேயிலை விளம்பரத்துக்கும் இடையில் இருந்துகொண்டுதான் நான் விலைபோனவர்களைச் சாடினேன். என் சம்பளமும் அந்தச் சவர்க்காரத்திலிருந்துதான் வந்தது.

சுனாமி நடந்து நான்காம் நாள் ஊருக்கு வந்து சேர்ந்தேன். கடற்கரையோரம் இருந்த வரிசைகள் இல்லை. பாடசாலை ஒன்றில் அடைக்கலம் புகுந்திருந்தவர்களின் விபரங்களைப் பத்திரிகைக்காக எடுத்துக்கொண்டிருந்தேன். இரவாகிவிட்டது. வகுப்பறை மூலையில் ஒரு பெண் பிள்ளையை மடியில் போட்டு ஓராட்டிக்கொண்டிருந்தாள். மெட்டு எனக்குத் தெரிந்த மெட்டு. எந்தப் பாட்டென்று பிடிபடச் சற்று நேரமாயிற்று. வெளிநாட்டு வாப்பாவின் பாட்டு. நான் சாடிய அதே பாட்டு. ஆனால் சொற்கள் முழுவதும் அவனுடையவை அல்ல. பாதி அவனுடையவை, மறந்த இடங்களில் அவள் தன்னுடையதைப் போட்டிருந்தாள். பாலைவனம் போயிருந்தது. பெருநாள் மட்டும் இருந்தது.

அதை எழுதியவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. கேட்கவும் எனக்கு மனம் வரவில்லை. அந்த மெட்டு எந்த ஊர் மெட்டு என்ற கேள்வி அந்த அறையில் எவருக்கும் தேவைப்படவில்லை.

மறுநாள் அவனைத் தேடிப் போனேன். ஊரின் மேற்குப் பக்கம் மூத்த மகளின் வீட்டில் இருந்தான். பாட்டுப் பணத்தில் எழுந்த வீடு. அவன் சொந்த வீடு கடலோடு போயிருந்தது, அதோடு கொப்பிகளும். மெல்லிசைக்கு எழுதியவை, அனுப்பித் திரும்பிவந்தவை, உம்மாவிடமிருந்து எழுதியெடுத்த கவிகள் எல்லாம். உயிர்ச்சேதம் இல்லை என்பதைத்தான் முதலில் சொன்னான்.

இருபது ஆண்டுகளுக்கு முந்தைய பத்தியைப் பற்றி நான்தான் பேச்செடுத்தேன். மன்னிப்புக் கேட்பதற்குத் தகுந்த சொல் எழுத்துத் தொழில் செய்தவனுக்கும் கிடைப்பதில்லை. தடுமாறினேன். அவன் சிரித்தான்.

"மச்சான், அத எழுதினத்துக்கு உனக்கு எவ்வளவு தந்தாங்க?"

சொன்னேன்.

"எனக்கும் ஒரு பாட்டுக்கு அவ்வளவுதான் தந்தாங்க" என்றான். சற்றுப் பொறுத்து, "நான் எண்ட பேரப் போட்டு எழுதினன். நீ போடல்ல" என்றான்.

உண்மை. அந்தப் பத்தியை நான் புனைபெயரில்தான் எழுதினேன். அவன் பெயரைக் குறிப்பிடாததைப் பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன். என் பெயரைப் போடாததை எதுவென்றும் நினைத்திருக்கவில்லை.

அன்று நெடுநேரம் பேசினோம். அந்த ஒலிநாடாவின் பாட்டுகளில் நான்குதான் தேறும் என்றான். மற்றவற்றைக் கேட்டால் காது கூசுகிறது, ஆனாலும் தன் பெயரை எடுக்கச் சொல்லவில்லை, செய்த வேலையைச் செய்யவில்லை என்று எப்படிச் சொல்வது என்றான். தேர்தல் பாட்டைப் பற்றி நான் கேட்டபோது முகம் மாறியது. "மெட்டு இரவல் வாங்கலாம் மச்சான், வாய இரவல் குடுக்கேலாது" என்று மட்டும் சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டான். சில ஆண்டுகளில் அவன் காலமானான்.

பணத்தின் பக்கத்தைப் பற்றி இன்னும் ஒன்று. அந்த ஒலிநாடா எத்தனை ஆயிரம் விற்றதோ, அவனுக்குக் கிடைத்தது எழுதிக் கொடுத்த அன்றைய கூலி மட்டும். தமிழ்ப் பாடலாசிரியர்கள் பலரின் கதையும் இதுதான். ஒரு தடவை வாங்கியதோடு சரி, பாட்டு அறுபது வருடம் ஒலித்தாலும் குடும்பத்துக்கு ஒன்றுமில்லை. இந்தியாவில் இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் நாடாளுமன்ற மேலவையிலிருந்து குரல் கொடுத்து, 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் உரிமத்தொகைப் பங்கை எழுதிக் கொடுத்தும் இழக்க முடியாது என்றாயிற்று. நம் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. சட்டம் புத்தகத்தில் இருப்பதும் அதன் பயன் சாய்ந்தமருதில் ஒரு ஆசிரியரின் வீட்டு வாசலுக்கு வருவதும் வேறு வேறு. நான்கு நல்ல பாட்டுகளுக்குரிய பங்கு ஒழுங்காக வந்திருந்தால், காது கூசும் பாட்டுகளை அவன் எழுதியிருக்கவே தேவையில்லை. சந்தைக்குப் போனதற்காக அவனைச் சாடிய நான், சந்தை அவனுக்கு என்ன கொடுத்தது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. பத்திரிகைக்காரன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான்.

இவ்வளவையும் அந்த இளைஞனிடம் சொல்லவில்லை. வயதானவன் கதை சொல்லத் தொடங்கினால் மஃரிபு வந்துவிடும். மூன்று விஷயம் மட்டும் சொன்னேன். எழுது, ஆனால் உன் பெயரைப் போட்டு எழுது. பெயர் போட வெட்கமான பாட்டென்றால் அந்த வெட்கமே பதில். இரண்டாவது, அந்தக் காசில் கொஞ்சத்தைக் கிணற்றுப் பாட்டுக்கு வை, நல்ல ஒலிப்பதிவு செய், அதில் ஓசை சரியில்லை. மூன்றாவது, எந்த வரியை எவ்வளவு தந்தாலும் எழுத மாட்டாய் என்பதை இப்போதே, காசு கைக்கு வருமுன் தீர்மானித்துக்கொள். கூரையில்லாத வீட்டில் நின்று தீர்மானிப்பது எல்லோராலும் முடியாது.

தலையாட்டிவிட்டுப் போனான்.

நேற்று மீண்டும் வந்தான், கையில் தாளோடு. கடைப் பாட்டு. வாசித்துக் காட்டினான். முதல் இரண்டு பந்தியும் எந்தக் கடைக்கும் பொருந்தும். மூன்றாவதில், வெளிநாட்டில் இருக்கும் மகனின் முகத்தைக் கைபேசியில் தடவிப் பார்க்கும் ஓர் உம்மா வந்தாள். அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னேன். திரும்ப வாசிக்கச் சொன்னேன்.

"இது உண்ட வரி" என்றேன்.

"முதலாளியும் இதத்தான் சொல்றார் சேர். திறப்பு விழாவில எதுக்கு அழுகைப் பாட்டு, அந்தப் பந்திய எடுத்துடு எண்டு."

"நீ என்ன சொன்னாய்?"

"யோசிச்சுச் சொல்றன் எண்டு வந்துட்டன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒருமுறை சொல்லிப் பட்டது போதும். உள்ளே குரல் கொடுத்து இன்னொரு பிளேன்ரீ கொண்டுவரச் சொன்னேன். அவன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கடற்கரைப் பக்கம் பார்த்தபடி இருந்தான்.